முறுக்கேறும் டிஎன்ஏ

நம் தசைகளுக்கு டிஸ்ட்ரோஃபின் என்றொரு புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் தசை சுருங்கி விரியும்போதெல்லாம் தசைச் செல்லின் சவ்வு கிழிந்து சேதப்படும். டூஷென் தசைச்சிதைவு நோய் அப்படித்தான் வருகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் அது ஒன்று. சுமார் 22 லட்சம் கார இணைகள். ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி இதன் ஒரு முனையில் ஏறி, எழுத்து எழுத்தாகப் படியெடுத்துக்கொண்டே போய் மறுமுனையில் இறங்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த படியில் கடைசியில் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்துகள். மற்றதையெல்லாம் செல் வெட்டி எறிந்துவிடும்.

இந்த விரயத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு சங்கடம். டிஎன்ஏ என்பது ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இரண்டு இழைகள், 10.5 கார இணைக்கு ஒரு சுற்று வரும். பாலிமரேஸ் அந்தச் சுருளின் போக்கிலேயேதான் போயாக வேண்டும். 22 லட்சம் இணைகள் என்றால் சுமார் 2.1 லட்சம் சுற்றுகள். 16 மணி நேரமும் விடாமல், நொடிக்கு மூன்று நான்கு சுற்று. சரி, சுற்றுவது யார்? பாலிமரேஸா, டிஎன்ஏவா?

பாலிமரேஸ் சுற்றுவது கடினம். அதுவே பெரிய உருப்படி. அதன் பின்னால் வால்போலத் தொங்கும் ஆர்என்ஏவோ நேரம் ஆக ஆக நீள்கிறது; அந்த வாலை வெட்டி ஒட்டும் கருவிகளும் அதன்மேலேயே வந்து அமர்ந்துவிடுகின்றன. இத்தனையையும் இழுத்துக்கொண்டு, நெருக்கடியான உட்கருவுக்குள், டிஎன்ஏவை லட்சக்கணக்கான முறை வலம்வர முடியாது. ஆகவே பாலிமரேஸ் பெரும்பாலும் நிமிர்ந்தபடியே போகிறது. டிஎன்ஏதான் அதற்குள் புரண்டு கொடுக்கிறது.

இரண்டு புரி தேங்காய்நார்க் கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு கம்பங்களில் கட்டிவிட்டு, புரிகளுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகி, அது சுழலாதபடி பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். குச்சிக்கு முன்னால் முறுக்கு ஏறும், பின்னால் தளரும். இன்னும் தள்ளினால் முன்னால் உள்ள கயிறு தன்மேலேயே மடங்கி முண்டும் முடிச்சுமாகச் சுருண்டுகொள்ளும். அதற்கு மேல் குச்சி நகராது.

சுருள் தானே மறுபடியும் சுருண்டுகொள்ளும் இந்த நிலையை ஆய்வகங்களில் சூப்பர்காயில் என்கிறார்கள். மீச்சுருள் என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு இயல்பைவிடக் கூடினால் மிகைமுறுக்கு, குறைந்தால் குறைமுறுக்கு. இரண்டுமே மீச்சுருளை உண்டாக்கும். புரளும் திசைதான் வேறு. பள்ளிப் புத்தகத்தில் வரும் நேரான, அழகான ஏணிச் சுருளை வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்க்க முடியாது. அந்தப் படத்தில் டிஎன்ஏ சும்மா இருக்கிறது. செல்லுக்குள் அது ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை.

சிக்கல் தொடக்கத்திலேயே தெரிந்துதான் இருந்தது. 1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளை அறிவித்தார்கள். மே மாதம் வந்த இரண்டாவது கட்டுரையில், இழைகளைப் பிரிக்கும்போது எல்லாம் சிக்கிக்கொள்ளாதா என்று தாங்களே கேட்டுக்கொண்டு, அதெல்லாம் தாண்ட முடியாத தடையாக இருக்காது என்று நகர்ந்துவிட்டார்கள். மாக்ஸ் டெல்பர்க்கால் அப்படி நகர முடியவில்லை. இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர் அவர். 1954-இல் எழுதிய கட்டுரையில், இழைகளை ஆங்காங்கே வெட்டி மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார். அவர் வரைந்துகாட்டிய முறை தவறாகப் போனது. வெட்டி ஒட்டுவது என்ற கருத்து நின்றது.

அவர் ஏன் கவலைப்பட்டார் என்பதற்கு ஈ.கோலை பாக்டீரியத்தின் கணக்கைப் பார்த்தால் போதும். அதன் டிஎன்ஏ 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு வளையம். அதை நகலெடுக்கும் இயந்திரம் நொடிக்குச் சுமார் 1,000 இணை வேகத்தில் இழைகளைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. அப்படியானால் முன்னால் இருக்கும் சுருள் நொடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றாக வேண்டும்.

இந்த முறுக்கை முதன்முதலில் கையும் களவுமாகப் பிடித்தவர் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜெரோம் வினோகிராட். எலிகளில் கட்டிகளை உண்டாக்கும் பாலியோமா வைரஸின் டிஎன்ஏவை அவர் குழு மையவிலக்குப் பொறியில் சுழற்றிக்கொண்டிருந்தது. 5,000 கார இணை அளவுள்ள சிறிய மூலக்கூறு அது. 1963-இல் அது வளைய வடிவம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் பொறியில் அது ஒரே பட்டையாக இறங்கவில்லை. வேகத்தை அளக்கும் அலகில் 20, 16, 14 என்று மூன்று பட்டைகள் விழுந்தன. 14 என்பது வளையம் முழுக்க அறுந்து நீண்டுபோன டிஎன்ஏ. 20 என்பது முழு வளையம். நடுவில் இருந்த 16 எது?

விடையில்தான் ருசி. வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும், ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தால் 20 உடனே 16 ஆகிவிடுகிறது. வளையம் வளையமாகவே இருக்கிறது. எடை துளியும் மாறவில்லை. ஆனாலும் மெதுவாக இறங்குகிறது. அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: வெட்டுப்படாத வளையம் தட்டையாக இல்லை, தன்மேலேயே முறுக்கிக்கொண்டு கச்சிதமாக இருக்கிறது. ஓர் இழை அறுந்ததும் மற்ற இழையை அச்சாக வைத்து முறுக்கெல்லாம் அவிழ்ந்துவிடுகிறது. 1965-இல் வினோகிராட் இதை வெளியிட்டார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது முறுக்கிய வளையங்கள் கண்ணெதிரே கிடந்தன.

கணிதம் இங்கே தன்பாட்டுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. மூடிய வளையத்தில் ஓர் இழை மற்றதை எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்ணைப் பிணைப்பெண் எனலாம். வளையத்தை நசுக்குங்கள், நீட்டுங்கள், கசக்குங்கள். இழையை வெட்டாதவரை அந்த எண் மாறாது. அது இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை. ஒன்று, இழைகள் ஒன்றையொன்று சுற்றும் அளவு. மற்றது, சுருளின் அச்சே வளைந்து புரளும் அளவு. ஒன்று குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டியாக வேண்டும். ருமேனியக் கணிதவியலாளர் கலுகரேயானு 1959 தொடங்கி இதை எழுதியபோது டிஎன்ஏவை நினைத்திருக்கவே மாட்டார். ஜேம்ஸ் ஒயிட் 1969-இல் அதை விரிவாக்கினார். 1971-இல் அதே கால்டெக்கில் இருந்த புரோக் ஃபுல்லர் அதை டிஎன்ஏவோடு பொருத்திக் காட்டினார்.

5,250 கார இணை கொண்ட ஒரு வளையத்துக்கு இயல்பான பிணைப்பெண் 500. செல்லிலிருந்து எடுத்துப் பார்த்தால் 470 பக்கம்தான் இருக்கும். நூற்றுக்கு ஆறு குறைவு. பாக்டீரியாக்களில் பெரும்பாலும் இந்த அளவில்தான் குறைமுறுக்கு காணப்படுகிறது. அதில் பாதியளவைப் புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மீதி, அவிழ வழி தேடும் விசையாக டிஎன்ஏவிலேயே கிடக்கிறது.

இடையில் ஒரு கிளைக்கதை உண்டு. இழைகள் ஒன்றையொன்று சுற்றியிருப்பதால்தானே இத்தனை தொல்லை? சுற்றவே இல்லை என்றால்? 1976-இல் நியூசிலாந்தில் ராட்லியின் குழுவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. சசிசேகரனின் குழுவும் தனித்தனியே ஒரு மாற்று மாதிரியை முன்வைத்தன. பாதிச் சுற்று வலப்பக்கம், அடுத்த பாதிச் சுற்று இடப்பக்கம். மொத்தத்தில் இரண்டு இழைகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கும், பிரிப்பதற்குச் சிரமம் இராது. சசிசேகரன் சென்னையில் ஜி.என். ராமச்சந்திரனோடு வேலை செய்தவர். புரத வடிவங்களை ஆராய இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963-இல் வெளியிட்ட மூவரில் ஒருவர். ஏதோ ஓர் ஓரத்திலிருந்து எழுந்த குரல் அல்ல அது.

1979-இல் கிரிக், ஜேம்ஸ் வாங், வில்லியம் பாயர் மூவரும் சேர்ந்து பதில் எழுதினார்கள். டிஎன்ஏ உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் பிணைப்பெண். இழைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தால் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மூடிய வளையங்களை வைத்துச் செய்த சோதனைகளோ பத்து இணைக்கு ஒன்று என்ற கணக்கில் பெரிய எண்ணைக் காட்டின. அதே ஆண்டு வாங், வளையத்தில் சில இணைகளைக் கூட்டிச் சேர்த்து, ஜெல்லில் பட்டைகள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்து, ஒரு சுற்றுக்கு 10.4 இணை என்று அளந்தும் விட்டார். மாற்று மாதிரி அத்தோடு முடிந்தது. அதைக் கிண்டலோடு நினைவுகூர்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. டிஎன்ஏவின் வழக்கமான வடிவத்தைப் படிகத்தில் அணு அணுவாகப் பார்த்தது 1980-இல்தான். அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்க இடம் இருந்தது. எந்த முறுக்கு பெருந்தொல்லை என்று தோன்றியதோ அதுவே இரட்டைச் சுருளுக்குச் சாட்சியாக வந்து நின்றது என்பதைக் கவனியுங்கள்.

சரி, முறுக்கைச் செல் எப்படிச் சமாளிக்கிறது? டெல்பர்க் சொன்னதுபோல வெட்டி ஒட்டித்தான். 1971-இல் வாங், அப்போது பெர்க்லியில், ஈ.கோலையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். குறைமுறுக்கோடு இருந்த டிஎன்ஏவோடு அதைச் சேர்த்தால் முறுக்கு தளர்ந்துவிடும். ஆனால் தேடிப் பார்த்தால் டிஎன்ஏவில் ஒரு வெட்டுகூட இருக்காது. மறு ஆண்டே ஷாம்பூவும் டல்பெக்கோவும் எலிச் செல்களில் இதே வேலை செய்யும் நொதியைக் கண்டார்கள். 1976-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ட்டின் கெல்லர்ட் கண்டது இவற்றுக்கு எதிரான வேலை செய்யும் நொதி: ஏடிபி என்ற செல்லின் எரிபொருளைச் செலவழித்து டிஎன்ஏவில் குறைமுறுக்கை ஏற்றும் கைரேஸ். இந்தக் குடும்பம் முழுவதற்கும் டோபோஐசோமரேஸ் என்று பெயர்.

இவை வேலை செய்யும் விதம் கொஞ்சம் திகிலானது. முதல் வகை நொதி ஓர் இழையை மட்டும் வெட்டும். வெட்டிய முனையைத் தன்னிடமுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு வேதிப்பிணைப்பாகவே பிணைத்துக்கொள்ளும். மனிதச் செல்லின் முதல் வகை நொதியில், வெட்டுப்படாத இழையைச் சுற்றி டிஎன்ஏ சில சுற்று சுழன்று முறுக்கை இறக்கும். பிறகு நொதி வெட்டை ஒட்டிவிட்டு விலகும். இரண்டாம் வகை இன்னும் துணிச்சலானது. இரண்டு இழைகளையும் நான்கு இணை இடைவெளியில் வெட்டி, இரு முனைகளையும் இரு டைரோசின்களில் பிடித்துக்கொண்டு, அந்தத் திறப்பு வழியாக டிஎன்ஏவின் இன்னொரு துண்டை முழுசாக மறுபக்கம் கடத்தி, மறுபடி ஒட்டுகிறது. ஒரு கடத்தலுக்குப் பிணைப்பெண் சரியாக இரண்டு மாறும். டிஎன்ஏவின் இரு இழைகளும் ஒரே இடத்தில் அறுவது செல்லுக்கு நேரக்கூடிய மிகக் கொடிய சேதங்களில் ஒன்று. அதை இந்த நொதிகள் நாள் முழுக்க, வேலையோடு வேலையாகச் செய்துகொண்டிருக்கின்றன. முனைகளை ஒரு கணமும் கைவிடாததால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம்.

முறுக்கைக் களைய நொதி இருப்பது புரிகிறது. கைரேஸ் ஏன் எரிபொருள் செலவழித்துக் குறைமுறுக்கை ஏற்ற வேண்டும்? காரணம், குறைமுறுக்கில் உள்ள டிஎன்ஏ பிரியத் தயாராக இருக்கிறது. படியெடுப்பைத் தொடங்க, மரபணுவின் தொடக்கத்தில் பன்னிரண்டு பதினான்கு இணைகளைப் பிரித்துத் திறக்க வேண்டும். இயல்பான டிஎன்ஏவில் அதற்கு ஆற்றல் செலவு அதிகம். முன்பே முறுக்கு குறைந்திருந்தால் அந்தச் செலவில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டது. எரிபொருள் குறைந்தால் கைரேஸ் தளரும், குறைமுறுக்கு இறங்கும், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதும் மாறும். செல்லின் வயிற்று நிலவரம் அதன் டிஎன்ஏவின் முறுக்கில் தெரிந்துவிடுகிறது. நீலப்பச்சைப் பாக்டீரியா ஒன்றில் பகலும் இரவும் மாறி மாறி முறுக்கு ஏறி இறங்குவதையும், அந்த ஏற்ற இறக்கத்தோடு மரபணுக்கள் எழுந்து உறங்குவதையும் 2009-இல் காட்டினார்கள்.

இனிப் படியெடுக்கும் இடத்துக்கு வருவோம். பாலிமரேஸுக்கு முன்னால் மிகைமுறுக்கும் பின்னால் குறைமுறுக்கும் ஒரே நேரத்தில் உண்டாகும் என்பதை 1987-இல் லெராய் லியுவும் வாங்கும் முன்வைத்தார்கள். அதற்கு முன்பே புரியாத சில கவனிப்புகள் இருந்தன. கைரேஸைத் தடுத்தால் பாக்டீரியாவில் உள்ள சிறு வளைய டிஎன்ஏக்கள் வெறுமனே தளராமல் மிகைமுறுக்கே ஏறிக்கொண்டன. அது எங்கிருந்து வந்தது? லியு–வாங் விளக்கத்தில் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. முன்னால் ஏறுவதைக் கைரேஸ் இறக்குகிறது. பின்னால் ஏறுவதை முதல் வகை நொதி இறக்குகிறது. ஒருவரை நிறுத்தினால் மற்றவர் பக்கத்துக் கணக்கு மட்டும் தீரும், இந்தப் பக்கம் மிச்சம் குவியும். அதுவரை முறுக்கை மரபணுவின் பின்னணிச் சூழலாகவே பார்த்து வந்தார்கள். படியெடுப்பே முறுக்கை உண்டாக்குகிறது என்பது புதிய பார்வை. என் கணிப்பில் இந்தத் துறையின் மிக முக்கியமான ஒற்றை யோசனை இதுதான்.

பாலிமரேஸ் எவ்வளவு முறுக்கும்? 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிஷெல் வாங்கின் குழு ஒற்றை டிஎன்ஏ மூலக்கூறைப் பிடித்து அளந்தது. ஈ.கோலை பாலிமரேஸ் சுமார் 11 பிகோநியூட்டன்-நானோமீட்டர் முறுக்குவிசை வரை தாக்குப்பிடிக்கிறது. அதற்கு மேல் நின்றுவிடுகிறது. எண் மிகச் சிறியதுதான். ஆனால் எந்த வரிசை கொண்ட டிஎன்ஏவையும் இழை பிரிக்க அது போதும். மறு ஆண்டில் சன்னி ஷீயின் குழு இன்னொன்றைக் காட்டியது. பாக்டீரியாவில் நன்றாக ஓடும் மரபணுக்கள் ஒரே சீராக ஓடுவதில்லை. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். காரணம், மிகைமுறுக்கு குவிந்து மரபணு இறுகிப்போவதும், பிறகு ஒரு கைரேஸ் வந்து உட்கார்ந்து விடுவிப்பதும்தான்.

ஒரே மரபணுவில் பல பாலிமரேஸ்கள் வரிசையாக ஓடும்போது நடப்பது இன்னும் சுவையானது. முன்னே போவதன் பின்னால் குறைமுறுக்கு. அடுத்து வருவதன் முன்னால் மிகைமுறுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கூட்டமாகப் போகும்போது எல்லாமே வேகமாகப் போகின்றன. தொடக்கத்தில் புதிதாக ஏறுவது நின்றுபோனால், முன்பே ஏறியவையும் மந்தமாகிவிடுகின்றன. 2019-இல் கிறிஸ்டின் ஜேக்கப்ஸ்-வாக்னரின் குழு ஈ.கோலையில் இதை அளந்தது. ஒன்றையொன்று தொடாமலே, ஆயிரக்கணக்கான இணைகள் தள்ளி நின்று, வெறும் முறுக்கு வழியாக அவை சேதி சொல்லிக்கொள்கின்றன.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பாக்டீரியாவின் கதை. நம் செல்லின் உட்கருவில் காட்சி மாறுகிறது. அங்கே சுமார் இரண்டு மீட்டர் டிஎன்ஏ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் உட்பட்ட இடத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு தரமும் 147 இணை நீளம், ஹிஸ்டோன் புரத உருளையில் ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றே குறைவாக, இடப்பக்கமாகச் சுற்றிக்கொள்கிறது. இந்த ஒவ்வோர் உருளைக்கும் நியூக்ளியோசோம் என்று பெயர். ஒரு மனிதச் செல்லில் சுமார் மூன்று கோடி. ஒவ்வொன்றும் தன்னிடம் ஒரு குறைமுறுக்கைச் சேமித்து வைத்திருப்பதை 1975-லேயே எஸ்வி40 வைரஸில் கண்டுவிட்டார்கள். ஆகவே நமக்கும் குறைமுறுக்கு உண்டு. ஆனால் அது புரதத்தில் கட்டுண்டு கிடக்கிறது. விசையாகக் கிடக்கும் முறுக்கு நம் செல்லில் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

அதை அளக்க உதவியது சோரலென். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போகரிசியில் இருக்கிறதே, அதே பொருளின் உறவுக்காரன். இது டிஎன்ஏவின் இணைகளுக்கிடையே நுழைந்துகொள்ளும். புற ஊதா ஒளி பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குறைமுறுக்கு உள்ள இடத்தில் நுழைவது எளிது, அதனால் அங்கே அதிகமாக ஒட்டும். 1980-இல் ரிச்சர்ட் சிண்டனும் கூட்டாளிகளும் இதை வைத்துச் சோதித்தார்கள். ஈ.கோலையில் விசையான முறுக்கு தெளிவாகத் தெரிந்தது. மனிதச் செல்லிலும் பழ ஈயின் செல்லிலும் ஒன்றுமே தெரியவில்லை. நம் உட்கருவில் அப்படியொரு விசை இல்லை என்று பலரும் அத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

அவர்கள் பார்த்தது சராசரியை. ஓரிடத்தில் மிகை, இன்னோர் இடத்தில் குறை என்றால் கூட்டினால் பூஜ்யம் வரத்தானே செய்யும்? 2013-இல் எடின்பரோவில் நிக் கில்பர்ட்டின் குழுவும், அமெரிக்காவில் டேவிட் லெவன்ஸின் குழுவும் சோரலெனை இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தன. மனித டிஎன்ஏவில் ஒரு லட்சம் இணை அளவிலான குறைமுறுக்குப் பகுதிகள் தென்பட்டன. மரபணுக்கள் சுறுசுறுப்பாக ஓடும் இடங்கள் அவைதாம். படியெடுப்பை மருந்தால் நிறுத்தினால் அந்த வரைபடமே மாறிப்போகிறது.

லெவன்ஸின் குழு முன்பே மிக் என்ற மரபணுவில் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டிருந்தது. செல் பெருக்கத்தை முடுக்கும் மரபணு அது; பல புற்றுநோய்களில் அடங்காமல் ஓடுவதும் அதுதான். மிக் ஓடத் தொடங்கினால், பாலிமரேஸின் பின்னால் குவியும் குறைமுறுக்கு சுமார் ஒன்றரை ஆயிரம் இணை தள்ளி இருக்கும் ஒரு குறிப்பிட்ட வரிசையை எட்டி அதை இழை பிரிக்கிறது. இழை பிரிந்ததும் அங்கே ஒரு புரதம் வந்து உட்கார்ந்து வேகத்தைக் கூட்டுகிறது. முறுக்கு இன்னும் ஏறினால் வேறொரு புரதம் வந்து பிரேக் போடுகிறது. மரபணு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அதன் டிஎன்ஏவே தன் முறுக்கால் அளந்து, அதை வைத்து அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மரபணு என்றால் எழுத்துகளின் வரிசை என்று மட்டும் படித்து வந்த நமக்கு இது கொஞ்சம் பழக வேண்டிய விஷயம். அதே எழுத்துகள், வேறு முறுக்கு என்றால் செல் வேறு விதமாகப் படிக்கிறது.

டிஸ்ட்ரோஃபின் போன்ற நெட்டை மரபணுக்களின் கதி என்ன? 2013-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எலி நரம்புச் செல்களுக்கு டோப்போடீக்கான் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வகை டோபோஐசோமரேஸை முடக்கும் மருந்து இது. பெரும்பாலான குட்டை மரபணுக்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இரண்டு லட்சம் இணைக்கு மேல் நீண்ட மரபணுக்களோ வரிசையாகச் சரிந்தன. நரம்புச் செல்களில் ஓடும் மரபணுக்களில் நெட்டையானவை நிறைய. ஆட்டிசத்தோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் மரபணுக்கள் பலவும் இந்த நெட்டைப் பட்டியலில்தான் இருந்தன. முறுக்கை இறக்க ஆள் இல்லையென்றால் நீண்ட வழி போகிறவன்தான் முதலில் மாட்டுகிறான்.

அந்த மருந்தின் பூர்வீகம் ஒரு மரம். 1966-இல் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்திலிருந்து அமெரிக்கா போன மன்சுக் வானியும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். 1972-இல் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் அதே பொருளை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தில் கண்டார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, அதன் முதல்வராகவும் இருந்து, பின்பு பம்பாயில் ஆய்வு மையம் நடத்தப் போனவர் கோவிந்தாச்சாரி. கேம்ப்டோதெசினை மருந்தாக முதலில் சோதித்தபோது பக்கவிளைவு கடுமையாக இருந்ததால் கைவிட்டார்கள். அது எதைத் தாக்குகிறது என்பது 1985-இல்தான் தெரிந்தது: முதல் வகை டோபோஐசோமரேஸ் வெட்டிப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் இடுக்கில் புகுந்து, ஒட்டவிடாமல் செய்துவிடுகிறது. நகலெடுக்கும் இயந்திரம் வந்து அதில் மோதினால் டிஎன்ஏ அறும், செல் சாகும். வேகமாகப் பெருகும் புற்றுச்செல்லுக்குத்தான் அந்த மோதல் அதிகம். நச்சுத்தன்மை குறைத்த வடிவங்களான டோப்போடீக்கானுக்கும் இரினோடீக்கானுக்கும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சினைப்பை, பெருங்குடல் புற்றுநோய்களுக்கு இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் இவற்றைக் கொடுக்கிறார்கள்.

கைரேஸ் நம் செல்லில் இல்லை, பாக்டீரியாவிடம் இருக்கிறது. எனவே அது நல்ல இலக்கு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்று மருந்துச் சீட்டில் பார்க்கும் பெயர்களெல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன: வெட்டிய டிஎன்ஏவை ஒட்டவிடாமல் அந்த நொதியை உறைய வைக்கின்றன. பல பாக்டீரியாக்களில் கைரேஸுக்குத் துணையாக இன்னொரு இரண்டாம் வகை நொதி உண்டு. காசநோய்க் கிருமியிடம் அது இல்லை. எல்லா வேலைக்கும் கைரேஸ் ஒன்றுதான். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குத் தரும் ஆறு மாத மருந்துத் திட்டத்தில் மாக்சிஃப்ளாக்சசின் இடம்பெறுகிறது. கைரேஸில் 90 அல்லது 94-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து தன் பிடியை இழந்துவிடும். நோயாளியின் சளியை ஆய்வகத்தில் சோதிக்கும்போது அந்த இடங்களைக் குறிவைத்தே பார்க்கிறார்கள்.

லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் இந்தியாவில் எச்1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் இவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். காசநோயாக இருந்தால் நாலு நாள் குறைந்ததுபோல் காட்டும். நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். தப்பிப் பிழைக்கும் கிருமி மாறிய கைரேஸோடு வரும். முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.